வாதாம் மரத்துக்கு நான் கட்டிய துணி

அன்பு மகள் லம்யாய்க்கு,

நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், ஒசாகா குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் தினமும் எங்கள் பேச்சு. அனுப்பிய மிளகாய்த் தொக்கு வந்ததா, வெறும் நூடுல்ஸைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு வலது கை கொஞ்சம் அசைகிறது, கால்தான் சொன்னபடி கேட்கவில்லை, இன்னும் சக்கர நாற்காலிதான். வாய் மட்டும் பழையபடி, அதில் ஒரு குறையும் இல்லை. நான் செய்த கூத்தை அவர் உனக்குச் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் சந்து முனைப் பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனே. சுற்றி நான்கு அடுக்குமாடிகள் வந்துவிட்டன, சாயங்காலமானால் ஓடுகிறவர்கள், பிள்ளைகள், நாயைக் குழந்தை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளுகிற பெண்கள் என்று கால் வைக்க இடமில்லை. புதுப்பிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பின்வாசல் படிக்கட்டை ஒட்டிய வாதாம் மரத்தில் ஒருநாள் வெட்டுவதற்குச் சிவப்பு அடையாளம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி நடனப் பயிற்சிக்குப் போனால் நாங்கள் பை மாட்டுவது அதில்தான், நீ சைக்கிளோடு மோதிப் பல்லை உடைத்துக்கொண்டதும் அதில்தான். ஏன் வெட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் அம்மா கேட்பாளா? கோயில் கடையில் தெய்வம் குடியிருக்கிற மரங்களுக்குக் கட்டும் மூவண்ணத் துணி வாங்கி, விடியற்காலையில் போய் மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து கஞ்சி வைத்தேன். துணி கட்டிய மரத்தில் ரம்பம் வைக்க நம் ஊரில் எவனுக்குத் துணிச்சல் வரும்?

மறுநாளே மரத்தடியில் படையலாகச் சிவப்பு சோடா, உறிஞ்சுகுழலோடு. அதற்கடுத்த நாள் யாரோ மரப்பட்டையில் பவுடர் தேய்த்து, அதில் லாட்டரி எண் தெரிகிறதா என்று பார்த்தார்கள், அந்த எண்ணுக்கே பரிசு விழுந்தும் தொலைத்தது! அப்புறம் மாலை என்ன, பட்டுச் சட்டை என்ன, வரிசை என்ன. மேஸ்திரி பூன்லுவா கைகூப்பிக்கொண்டு, வேலை போனாலும் போகட்டும், நான் புள்ளகுட்டிக்காரன், தொடமாட்டேன் சாமி என்று சொல்லிவிட்டார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான். பூங்கா வேலையைப் பார்க்கிற பொறியாளர் கானிதா, உன் வயதுப் பெண், வீட்டுக்கே வந்து அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து, மன்னிச்சிடுங்கப்பா, நீங்க கேட்ட சரிவுப் பாதைய அந்த மரத்துப் பக்கமாத்தான் போடணும், ஆளுங்க கிட்டவே போக மாட்டேங்கறாங்க என்றாள். அந்த ஏழு படிகளால்தானே அப்பா ஒன்றரை வருஷமாகப் பூங்காவுக்கு வரவில்லை, முன்வாசலுக்கும் மேம்பாலம் ஏற வேண்டும். எனக்குத் தெரியாமல், இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்திருக்கிறார், கானிதா காட்டினாள்: என் மனைவி ஆடுவதைப் பார்க்க வேண்டும், படி ஏற முடியவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அப்பாவோ, போகட்டும்மா, சாமி விஷயம், நமக்கெதுக்கு என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், லம்யாய்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். புரையேறும் வரை சிரித்துவிட்டு, போய் அவுத்துட்டு வா சமோன் என்றார். அன்று சாயங்காலம் நடன ஆசிரியையின் மைக்கைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் சொன்னேன். யார் நம்பினார்கள்? ஐஸ் காபி விற்கிறவள், உங்க கையால கட்டச் சொன்னதே அந்தத் தெய்வந்தான் அக்கா என்று என்னையே கும்பிடுகிறாள்! கடைசியில் பூன்லுவாதான், கட்டினது நீங்க, அனுமதியும் நீங்களே கேளுங்கக்கா, வெட்ட வேணாம், வேரோட பெயர்த்துக் குளத்தங்கரையில வெச்சுடறேன் என்றார். ஊதுபத்தி ஏற்றி மண்டியிட்டுக் கேட்டேன், மூன்று முறை விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தேன், சிரிக்காதே. மரத்தில் இப்போது இலையே இல்லை, துளிர்க்கும் என்கிறாள் கானிதா. தினமும் சோடா வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும்.

போன வியாழக்கிழமை அப்பா அந்தப் புதுச் சரிவுப் பாதையில் சக்கர நாற்காலியோடு ஏறி வந்தார். முன்வரிசைக்கு எதிரே உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டு, எல்லாரும் இடதுபக்கம் போனா நீ மட்டும் ஏன் வலதுபக்கம் போற என்று கேட்டார். ஒன்றரை வருஷமாக அங்கே என்னைக் கேலி செய்ய ஆளில்லாமல் ஆடியிருக்கிறேன் பார்.

புத்தர் முதலான மும்மணிகளின் அருள் உன்னோடு இருக்கட்டும், நோயில்லாமல் நிறைவாக இரு கண்ணே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மறக்காதே, இனிமேல் இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் பண்ணாதே. வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

உன் அன்பு அம்மா,
சமோன்