யோகமக்கா வாசித்துக் காட்டாத பக்கம்

என் பிரியமான யோகமக்கா,

போன கிழமை ஆஹென் நகருக்கு வந்து உங்கள் கல்லறையில் நின்றேன். கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். அதுதான் எழுதுகிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்த நீங்கள், ஜெர்மனிக்கு வந்து ஆஹென் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவினீர்கள். அகதி விடுதியில் நாமிருவரும் ஒரே அறை. ஜெர்மன் படிக்கவென்று நீங்கள் வாங்கிய பழைய புத்தகம் ஒரு ஞானியின் வாழ்க்கை வரலாறு. பிளேட்டோவின் வழிவந்தவர், ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் இருந்தவர். அவருடைய மாணவர் எழுதியது. அதைத் தமிழாக்கிக் கொப்பிகளில் எழுதத் தொடங்கினீர்கள். அவரைக் 'கிழவர்' என்றுதான் சொல்வீர்கள்.

"கிழவர் தன்னைப் படம் கீற விடேல்லையாம், றீற்றா. உடம்போட இருக்கிறதே அவருக்கு வெக்கமாம். ஆனா வீடு நிறையத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள். அதுகளின்ர பாடத்தையும் இருந்து கேப்பாராம்."

எல்லாம் ஒன்றிலிருந்து வந்தவை, அந்த ஒன்றுக்கே திரும்புபவை என்பது அவர் கண்டது. மன்னாரில் என் கணவர் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபிறகு, என் காதில் ஏறியது அது மட்டும்தான்.

ஒரு மத்தியானம் நீங்கள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தீர்கள். "திரும்பிப் போறதுதானே எண்டால், இப்பவே போனால் என்னக்கா?" என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"உது உன்ர யோசினை இல்லை. உடம்பின்ர களைப்பு கதைக்குது. முதல்ல டொக்டரிட்டப் போவம். பிறகு நீ இந்த அறையில இருக்க ஏலாது, வெளிக்கிடு."

உங்களோடு வேலைசெய்த ஜெர்மன் பெண்ணின் தங்கைக்கு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் லைப்சிக்கில் பேக்கரி இருந்தது. எனக்கு அகதி விசா கிடைத்திருந்ததால் ஊர் மாறிப் போகத் தடையில்லை. "என்னைத் துரத்திக் கலைக்கிறியளோ?" என்று அழுதேன். "ஓம், கலைக்கிறன்," என்றீர்கள்.

லைப்சிக்கில் மாவின் மணம், சோறு இறங்காமலிருந்த என் வயிற்றை மெல்லத் திறந்தது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் உங்கள் இருமலைக் கேட்டேன். "தடிமன், வெறும் சளிதான். நீ சாப்பிட்டனியோ?" என்பீர்கள். அதற்கு மேல் நான் ஏன் கேட்கவில்லை? இன்றுவரை என்னை அரிக்கும் கேள்வி இது.

நீங்கள் இறந்த செய்தி கேட்டு நான் ரயிலில் ஆஹெனுக்கு வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். நுரையீரலில் புற்றுநோய் என்று அன்றுதான் அறிந்தேன். விடுதியில் பக்கத்து அறையிலிருந்த செல்வியக்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் உனக்கு ரெலிபோன் கோல் எடுக்கப்போனனான், பிள்ளை. அவதான் விடேல்லை. 'வேண்டாம், அவள் இப்பதான் சாப்பிடத் துவங்கியிருக்கிறாள்' எண்டவ."

உங்கள் ஏழு கொப்பிகளையும் செல்வியக்கா என்னிடம் தந்தார். அவற்றைத் திறக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஐந்தாவது கொப்பியில் அது இருந்தது: வரலாற்றை எழுதிய அந்த மாணவரே ஒருகாலத்தில் சாக நினைத்திருந்தாராம். யாரும் சொல்லாமலே கிழவர் அதைக் கண்டுகொண்டு அவர் இருந்த இடத்துக்கே போய், இது அறிவில் வந்த எண்ணம் அல்ல, நோய் என்று சொல்லி ஊரைவிட்டு அனுப்பினாராம். மாணவர் சிசிலித் தீவுக்குப் போனார், பிழைத்தார். கிழவர் இறந்தபோது மாணவர் பக்கத்தில் இல்லை.

எத்தனையோ பக்கங்களை வாசித்துக் காட்டினீர்களே, இதை மட்டும் ஏன் காட்டவில்லை? அந்தக் கதையின் முடிவும் தெரிந்துகொண்டுதானே என்னை அனுப்பினீர்கள்?

பிழைத்த அந்த மாணவர்தான் பிறகு கிழவர் எழுதியதையெல்லாம் ஒழுங்குபடுத்தி உலகத்துக்குக் கொடுத்தாராம். கிறிஸ்தவத் துறவிகள், அரபு அறிஞர்கள் என்று எத்தனையோ பேர் கிழவரைப் படித்தே கடவுளைப் பற்றி யோசித்தார்கள் என்று இங்குள்ள பாதிரியார் சொன்னார். எனக்கு அவ்வளவு விளங்காது. உங்கள் கையெழுத்து விளங்கும்.

கோபம் இன்னும் போகவில்லை. சொல்லியிருந்தால், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளாவது இருந்திருப்பேன்.

ஏழாவது கொப்பி பாதி வசனத்தில் நிற்கிறது. மீதியை நானே தமிழாக்க அகராதி வாங்கியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ஒரு நாளைக்கு நாலு வரிதான் எழுத முடிகிறது. இந்த வேகத்தில் முடிக்கப் பல வருடங்கள் வேண்டும். அதுவரை இருப்பேன், அக்கா.

உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
றீற்றா
லைப்சிக்