கதவில் ஏறாத பூவளையம்

மங்கலம், திருப்பூர்
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் செந்தில்வேலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அங்கே நீயும் அக்ஷராவும் அவள் வயிற்றில் இருக்கும் கண்ணும் நலமாக இருக்கச் சிவன்மலை ஆண்டவன் துணையிருக்கட்டும். நலம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காக எழுதினேன், மற்றபடி என் நலம் எப்படி என்று கடைசிவரை படித்துவிட்டு நீயே தெரிந்துகொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்பதாக அக்ஷராவே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். காகிதத்தை ஓடவிட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டு நல்லம்மாள் மகன் பிரதீப் லீவு முடிந்து புதன்கிழமை இங்கிலாந்துக்கு, உங்கள் லெஸ்டருக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதையும் அவன் சென்னையிலேயே விட்டுவிட்டான் என்று சொல்லிவிடாதே.

ஊர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிறது, கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இந்த மழையை ஓட்டிவிட்டார். பனியன் கம்பெனி வேன் வழக்கம்போல வருகிறது, துணி செக்கிங்கில் வேலை குறையவில்லை, எனக்குத்தான் கண் முன்போல் இல்லை, கறுப்புத் துணி வந்தால் ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன். பிரதீப்பின் தங்கைக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் அப்பா போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் எங்கே உட்காருவேனோ அங்கேயே, கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை, முன்னால் வரச் சொல்லவும் இல்லை. சீர்த்தட்டு எடுக்கிற நேரத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி நானே வெளியே போய்விட்டேன். இதெல்லாம் பழகிப்போனது, இதற்காக உன்னிடம் ஒருநாளும் அழுததில்லை.

அப்படி ஒதுங்கிக் கிடந்தவளைத் தேடி வந்து கேட்டது நீதான். புது வீடு வாங்கியாகிவிட்டது, இந்த ஊரில் வாசல் கதவில் வட்டமாகப் பூவளையம் மாட்டுவார்கள், கடையில் வாங்கினால் தெருவெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நீ உன் கையால் கலர் கலராகக் கட்டி அனுப்பு என்று படமும் அனுப்பினாய். படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நம் பக்கத்தில் பூவை வளையமாகக் கட்டி எங்கே வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா. அங்கே அது நல்லதுக்குத்தான் என்றாய், சரி என்றேன். அப்புறமும் நான் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார். பால் காய்ச்சுகிற வீட்டு வாசலுக்கு நான் கட்ட வேண்டாம் சாமி, நல்லம்மாளைக் கட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். அதையெல்லாம் இப்ப யாரும்மா பாக்கறாங்க, எனக்கு உன் கைதான் வேணும் என்றாய். அந்த ஒரு வார்த்தையைக் கம்பெனியில் டேபிள் டேபிளாகப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பைத்தியக்காரி.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேன்ஸி கடை விடாமல் ஏறி இறங்கினேன். வெள்ளைப் பூ ஒன்றுகூட எடுக்கவில்லை. மஞ்சள் செவ்வந்தி, சிவப்பு ரோஜா, கனகாம்பர நிறத்தில் ஒரு கொத்து, பெயர் தெரியாத ஒரு நீலப் பூ, எல்லாம் துணியும் பிளாஸ்டிக்கும்தான், ஆனால் தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர் தெளிக்கத் தோன்றும். தடிக் கம்பியைத் தவலை மேல் வைத்து வட்டமாக வளைத்து, பூ நழுவாமல் இருக்கப் பனியன் துணி நாடாவை இறுக்கிச் சுற்றி, நுனியைக் கீழே தொங்க விட்டேன். அப்போது கம்பெனியில் உங்கள் நாட்டுக்குப் போகிற குழந்தைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மஞ்சள் கட்டிங் வேஸ்ட்தான் நாடா, சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தேன். பசை வைத்து ஒட்டினால் சீக்கிரம் முடிந்திருக்கும், உங்கள் ஊர்க் குளிரில் விட்டுவிடுமே என்று ஒவ்வொரு காம்பையும் நறுக்கி நூல் போட்டுத் தைத்தேன். காம்புக்குள் இருக்கிற கம்பி குத்தி விரலெல்லாம் ரத்தம். முதலில் எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தியாகக் கட்டினேன், பார்க்க டயர் மாதிரி இருந்தது. பிரித்துவிட்டு, ரோஜாவை ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் இலை தெரிகிற மாதிரி மறுபடி கட்டினேன். நல்லம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, யாரு ஊட்டுக்குங்க வளையம் என்று பதறினாள். எம் பையன் ஊட்டுக் கதவுக்கு என்றேன். கிட்டே வந்து பார்த்தவள், அட, தேராட்டம் இருக்குதுங்க என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஆடி லீவுக்கு வந்திருந்த பிரதீப்பிடம் அதைக் கொடுத்தனுப்பினேன். எனக்கு அப்போது பாஸ்போர்ட் வராததால் ஆவணியில் நீங்கள் பால் காய்ச்சியதை வீடியோவில்தான் பார்த்தேன். சமையல் கட்டைக் காட்டினாய், மாடியைக் காட்டினாய், பின்னால் புல்தரையைக்கூட நின்று நிதானமாகக் காட்டினாய், வாசலை மட்டும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து காட்டுகிற மாதிரி காட்டினாய். துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால்கூட ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கிற கண் இது, தப்பவில்லை. கதவில் வேறு வளையம் இருந்தது, வெள்ளையும் ஊதாவுமாக, கடையில் வாங்கியது. என்னுது எங்கே கண்ணு என்றேன். லக்கேஜ் எடை கூடிப்போய்ப் பிரதீப் சென்னை ஏர்போர்ட்டிலேயே எடுத்துப் போட்டுவிட்டான் என்றாய். நானும் நம்பி, பாவம் அவனைத் திட்டிவிடாதே என்றேன்.

இப்போது கல்யாணத்துக்கு வந்தவன் போன வாரம் நம் வீட்டில் சாப்பிட்டான். ஏஞ்சாமி, எம் பூவை மட்டும் மெட்ராஸ்லயே உட்டுப்போட்டியாமா என்று கேலியாகத்தான் கேட்டேன். பிசைந்த சோறு அவன் வாய்க்குப் போகவில்லை. இல்லீங்க பெரீம்மா, பொட்டிக்குள்ள வெச்சா நசுங்கீரும்னு மடியிலயே வெச்சுட்டுப் போனனுங்க, அண்ணன் கையிலதானுங்க குடுத்தேன் என்றான். நான் குழம்பு ஊற்றாமல் கரண்டியோடு நிற்பதைப் பார்த்து மீதியையும் சொல்லிவிட்டான். அங்கே வந்து தங்கியிருந்த உன் மாமியார் ஜானகியம்மாள் அவன் கண் முன்னாலேயே அதைப் பிரித்துப் பார்த்து, நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ள, ஆனா நல்ல நாளும் அதுவுமா அவிங்க கை கட்டுனது வாசப்படியில வேண்டாமுங்க என்றாராம். சரிங்க அத்தை என்று நீ அதை எடுத்துப் போய்க் கார் ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்கள் மேல் வைத்தாயாம். அக்ஷரா அப்போது வாந்தி எடுத்துப் படுத்திருந்தாளாம், அவளுக்கு இது ஒன்றும் தெரியாதாம்.

ஜானகியம்மாள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மனதில் இருந்ததை அவர் நேராகச் சொன்னார், அதையேதான் நானும் முதலில் சொன்னேன். என் ஆத்திரமெல்லாம் உன்மேல்தான். மாட்டேன் என்றவளுக்கு ஆசை காட்டிக் கட்ட வைத்துவிட்டு, எங்க அம்மா கட்டுனதுங்க என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதை மூடி மறைக்க ஊரான் பெற்ற பிள்ளை தலையில் பழி வேறு. இப்போது மாசியில் உன் மாமியார் திரும்பி வருகிறார், பங்குனியில் பிரசவம், நீ வந்தால்தான் ஆகும், குழந்தையைக் குளிப்பாட்ட உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது, சென்னைக்குப் போய் விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் வைத்துவிட்டு வா என்கிறாய். செந்தில், வாசலில் பூக் கட்ட ஆகாத கை, தலை நிற்காத சிசுவைக் குளிப்பாட்ட மட்டும் எப்படியடா ஆகும். உன் அப்பா இறந்த தோஷம் பிளாஸ்டிக் பூவில் ஒட்டும், பச்சை உடம்பில் ஒட்டாதா. நான் பிரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, சரி என்று அனுப்புகிற சட்டையைத்தான் உங்கள் ஊர்க் குழந்தைகள் பிறந்த அன்றைக்கே போட்டுக்கொள்கின்றன. செக்கிங் பண்ணியவளுக்குப் புருஷன் இருக்கிறானா என்று அங்கே எந்தத் தாயும் கேட்டதில்லை. நான் பெற்ற பிள்ளை வீட்டில்தான் கேட்டார்கள், நீயும் தலையாட்டினாய்.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் குழந்தையை நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது, அதை மறைக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த வளையத்தைக் கதவில் மாட்டு. உன் மாமியார் ஊருக்குக் கிளம்பிய பிறகு அல்ல, மாசியில் அவர் வந்து அங்கே இருக்கும்போதே மாட்டு. சண்டை போட வேண்டாம், யார் கட்டியது என்று சொல்லிவிட்டு மாட்டினால் போதும். அக்ஷராவிடமும் நடந்ததைச் சொல்லிவிடு, பிரதீப்பிடம் மன்னிப்புக் கேள். படம் எடுத்து அனுப்பு, நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன், பார்த்த மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறி எத்தனை விரல் கேட்டாலும் வைக்கிறேன். மாட்ட முடியாதென்றால் குளிப்பாட்டவும் வேறு கை பார்த்துக்கொள். என் பூ கார் ஷெட்டில் கிடக்கிற வீட்டுக்குள் நான் எந்த வாசல் வழியாகவும் வரமாட்டேன்.

அக்ஷராவைப் பனியில் கார் ஓட்ட விடாதே, கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் நான் கும்பிடுகிற தெய்வம் உங்கள் மூன்று பேரையும்தான் காக்கும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நிறைவாக இருங்கள். மறக்காதே, மாட்டும்போது ரோஜாப் பக்கம் மேலே வர வேண்டும், மஞ்சள் நாடா கீழே தொங்க வேண்டும். நூல் தளர்ந்திருக்காது. பெயிண்ட் வாடை மட்டும் ஏறியிருக்கும், அது போகிற வரைக்கும் வெளியே காற்றில் வைத்துவிட்டுப் பிறகு மாட்டு.

உன் அம்மா,
மருதம்மாள்