பெயர் தொலைத்த கோப்புகள்

பிட்ஸ்பர்க், மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பல சர்வர் கணினிகளில் பரவிக் கிடந்த கோப்புகளை நகலெடுத்து வைத்த பழைய பேக்கப் நாடாக்களிலிருந்து, எஃகு ஆலைத் தொழிலாளர்களின் பேச்சுப் பதிவுகளை மீட்டேன். மொத்தம் நாலாயிரம் பதிவுகள்; கோப்புப் பெயர்கள் அழிந்து எண்கள்தான் மிஞ்சின.

"பேரில்லாததெல்லாம் குப்பை, தூக்கிப் போடு" என்றார் மேலாளர் டக்.

"நீங்களும் பொறந்தப்போ பேரில்லாமத்தான் இருந்தீங்க. தூக்கியா போட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

வேலை போனால் போகட்டும். பதிவில் ஒவ்வொரு தொழிலாளரும் தன் பெயரைச் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறார். நாலாயிரத்தையும் கேட்டுப் பெயர் வைக்காமல் விடமாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பார்சல்மேல் என் பெயரை உன் கையால் முழுசாக எழுது. இங்கே எல்லோருக்கும் நான் வெறும் 'ப்ரோ'.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
ப்ரோனிஸ்வாவா