கமக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா

வெள்ளை மையின் மணம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. சன்னலைத் திறந்தால் குளிரில் அம்மா விழித்துவிடுவார். அதனால் அந்த மணத்துக்குள் இருந்தபடியே, கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களில் உங்களுக்கு எழுதுகிறேன், அப்பா. மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது மேசை அதிர்கிறது. அப்போது பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்தால் பயப்படுவார். எனக்கே பயமாக இருக்கிறது.

இன்று பின்னேரம் சின்னராசா மாமா வந்திருந்தார். நீங்கள் கோப்பை கழுவிய உணவகத்தில் இப்போது அவர்தான் பெரிய சமையற்காரர். நாளைக் காலை அம்மா கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய அகதி விண்ணப்பத்தை மேசையில் விரித்துப் பார்த்தார். 'கணவரின் தொழில்' என்ற கட்டத்தில் நான் பிரெஞ்சில் 'நீதவான்' என்று எழுதியிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளை மைப் போத்தலை எடுத்து, அந்தச் சொல்லின்மேல், நகத்துக்குச் சாயம் பூசுவதுபோல மெதுவாகப் பூசினார். வாயால் ஊதிக் காயவைத்தார். அதன்மேல், வயல் செய்கிறவர் என்ற பொருளில், 'கமக்காரர்' என்று எழுதினார்.

"அவர் மண்வெட்டி பிடிச்சதை நான் ஒருநாளும் காணேல்லையே" என்றார் அம்மா.

"இஞ்சை ஆர் அக்கா, அண்ணையின்ரை கையைப் பிரிச்சுப் பாக்கப்போறான்? எத்தினை குடும்பத்துக்கு எழுதிக் குடுத்திட்டன். எல்லாரும் கமக்காரர்தான். ஒருத்தருக்கும் மறுப்பு வரேல்லை."

"அவரின்ரை பழைய கோப்பிலை நீதவான் எண்டெல்லே கிடக்கு?"

"அண்ணை போனதோடை அதையும் மூடியாச்சு. இது உங்கட பேருக்குப் பின்னாலை உங்கட தகப்பன்ரை பேர் போட்ட புதுக் கோப்பு. ரெண்டையும் ஒண்டாய் வைச்சு ஆர் பாக்கிறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாளைக்கு எனக்கு வேலை. நீதான் அம்மாவுக்குப் பிரெஞ்சு பேசோணும். கேட்டால் கமம் எண்டு சொல்லு. பிழையாய்ச் சொன்னியோ, ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

நான் தலையாட்டினேன். பயத்தில் தானாக ஆடிய தலை அது. மாமா படியிறங்கிப் போன பிறகுதான் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

உங்கள் தொழிலைப் பற்றி அம்மா சொல்லும்போதெல்லாம் பாதி பெருமை, பாதி எரிச்சல். நீங்கள் சட்டத்தரணியாக இருந்த காலத்தில், வழக்கென்று வருகிறவர்களிடம் முதலில் எதிராளியின் நியாயத்தைத்தான் எடுத்துச் சொல்வீர்களாம். "நாலு கட்சிக்காரர் வந்தால் மூண்டு பேர் வேற ஆளிட்டை ஓடியிடுவினம்" என்பார். நகரசபைத் தேர்தலில் நின்றபோது மேடையேறி, எதிர்த்து நின்றவர் கட்டிய வாசிகசாலை நல்ல வாசிகசாலை என்று பேசினீர்களாம். உங்களுடைய ஆட்களே ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் வென்றீர்கள். பதவிக்காலம் முடிந்ததும் அரசியலை விட்டு நீதவானாகப் போனீர்கள். "இனி ரெண்டு பக்கமும் கேக்கிறதுக்குச் சம்பளம் தருவினம்" என்று நீங்கள் சொல்லிச் சிரித்தது எனக்கே நினைவிருக்கிறது.

பிறகு அந்த மரண விசாரணை. பொலிஸ் காவலில் ஒரு பெடியன் செத்துப்போனான். காய்ச்சல் என்று பொலிஸ் சொன்னது. நீங்கள் உடலைப் பார்த்தீர்கள், வைத்தியரை விசாரித்தீர்கள், அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதினீர்கள். சில நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஜீப் வந்து நின்றுவிட்டுப் போகத் தொடங்கியது. ஒரு மத்தியானம் பொலிஸ்காரர் ஒருவர் சீருடை இல்லாமல், இடுப்பில் கட்டிய சாரத்தோடு சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியே நின்று, "இண்டைக்கு வீட்டிலை நிக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அடுத்த நாள் வந்து பார்த்தபோது வீடு இல்லை.

இங்கே வந்து கோப்பை கழுவினீர்கள். பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் நான் குசினியின் பின்கதவடியில் வந்து நிற்பேன். சின்னராசா மாமா கரிபிடித்த தாச்சியைத் தூக்கிக் காட்டுவார்.

"நீதவான் ஐயா, இவர் குற்றவாளியோ, சுத்தவாளியோ?"

"சாட்சியம் அடியிலை ஒட்டிக்கிடக்கு. ஒருக்கால் வடிவாய் விசாரிப்பம்" என்று வாங்கி உரசுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்ததேயில்லை.

உங்கள் விண்ணப்பத்தையும் இந்த மேசையில்தான் எழுதினோம். நீங்கள் தமிழில் எழுத எழுத, நான் அகராதி பார்த்துப் பிரெஞ்சில் மாற்றினேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. விண்ணப்பமா அது? நீங்கள் தீர்ப்பு அல்லவா எழுதினீர்கள்! மரண விசாரணைக்கு மூன்று வரி. அரசாங்கம் தன் பக்கத்தில் என்ன சொல்லும் என்பதற்கு அரைப் பக்கம். போதிய சாட்சியம் இல்லாமலே இரண்டு பேரை ஒருமுறை மறியலில் அடைத்துவிட்டேன் என்று உங்கள்மேல் நீங்களே வைத்த குற்றத்துக்கு ஒரு பந்தி. கடைசியில், பொலிஸார் எல்லோரும் கொடியவர்கள் அல்லர், அவர்களில் ஒருவரே என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு வாக்கியம்.

"உந்தப் பொலிஸ்காரனை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?" என்று அம்மா கேட்டார்.

"நடந்ததெல்லே."

"நடந்ததெல்லாத்தையும் எழுதச் சொல்லி ஆர் கேட்டது?"

"கேக்காட்டியும் நடந்ததுதானே."

நான் அந்த வரியைத் தவறவிட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பெருமையோடு, ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக்கொடுத்தேன்.

பதில் வந்தபோது அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். நீங்கள் அந்த அரசின் கீழ் நீதவானாக இருந்தவராம். ஒரு பொலிஸ்காரர் உங்களைக் காப்பாற்றியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களாம். ஆகவே அந்த அரசால் உங்களுக்கு ஆபத்து என்பதை ஏற்க முடியாதாம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"வாதம் பிழையில்லை. நானெண்டாலும் இப்பிடி எழுதியிருக்கக்கூடும்."

அதை எழுதியவர் எரிந்த எங்கள் வீட்டைப் பார்க்காதவர். நீங்கள் பார்த்தவர். நீங்கள் எப்படி அவருக்காகப் பேசலாம்? தமிழில் உங்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் நான் பிரெஞ்சில் கத்தினேன். உங்களுக்கு விளங்கவில்லை. இப்போது தமிழில் சொல்கிறேன். அந்தக் கடிதம் அநியாயம். அதற்குள் நியாயம் தேடிய நீங்கள் எங்களுக்குச் செய்ததும் அநியாயம்.

மேன்முறையீட்டுக்கு நாள் வருவதற்குள் குசினித் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். மரணப் பத்திரத்தில் உங்கள் தொழில் கோப்பை கழுவுபவர். அந்த வேலையில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் நீதவான் என்றால் அகதியில்லை என்று அவர்கள் சொல்ல, அகதியாக வேண்டுமென்றால் நீதவானாக இருந்திருக்கக் கூடாது என்று மாமாவும் சொல்கிறாரே, இது என்ன கணக்கு?

மாமா கெட்டவரில்லை. அன்றைக்கு உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியவர் அவர். உண்மையை எழுதிய அவருடைய முதல் விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்களாம். எங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் அந்தப் போத்தலோடு வந்தார். பாருங்கள், அவருடைய பக்கத்தையும் எழுதுகிறேன். இது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தேன், போகவில்லை.

அலுவலகத்தில் ஒரே படிவத்தில் இரண்டு பிரதி தந்திருந்தார்கள். மாமா தொடாத மற்றதில் 'நீதவான்' என்றே எழுதி, இப்போதுதான் நிரப்பி முடித்தேன். மரண விசாரணைக்கு இரண்டு முழுப் பக்கம். அந்தப் பொலிஸ்காரரை விட்டுவிடத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். ஏன் அவர் சீருடை இல்லாமல் வந்தார்? ஏன் வேலிக்கு உள்ளே வரவில்லை? 'நான் இருக்கிறன், பயப்படாதேங்கோ' என்று ஏன் சொல்லவில்லை? பொலிஸ்காரராக இருந்தும் தன்னுடைய ஆட்களிடமிருந்து உங்களைக் காக்க அவரால் முடியவில்லை. ஓடச் சொல்ல மட்டும்தான் முடிந்தது. அப்படியே எழுதியிருக்கிறேன். அவர்கள் உங்களுக்கு எதிராக வைத்த அதே பொலிஸ்காரரை நான் உங்கள் சாட்சியாக வைக்கிறேன். ஊரிலுள்ள எல்லோருடைய பக்கத்தையும் பார்த்த உங்களுக்கு, உங்கள் பக்கத்தை மட்டும் பேச வரவில்லையே அப்பா.

காலையில் ரயிலில் வைத்து அம்மாவிடம் சொல்லவேண்டும். அறைவாரோ, கையெழுத்து வைப்பாரோ தெரியாது. அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அதட்டிக் கேட்டால் என் குரல் நடுங்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நடுங்கினாலும் சொல்லுவேன்: என் அப்பா நீதவான். அதனால்தான் நாங்கள் இங்கே வரவேண்டி வந்தது.