எரிந்த விளக்கு, சாகாத வைரஸ்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அக்கா போன். பாப்பாவுக்கு மறுபடி சளி, மறுபடி இழுப்பு. "சாதாரண சளிக்கு ஏன்டி நெஞ்சுக்குள்ள இப்படி வீங்குது?" நாலு வருஷமாக ஆய்வகத்தில் நான் முட்டி மோதுவதும் அதே கேள்வியோடுதான்.

வைரஸ் புகுந்ததும் மூச்சுக்குழாயின் உட்பரப்புச் செல்கள் ஒட்டுமூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன. வெள்ளணுக்கள் வந்து அப்பிக்கொள்கின்றன. அப்புறம் அழற்சிதான். என் புதுக் கண்டுபிடிப்பு: புற ஊதா விளக்கில் வைத்துக் கொன்ற வைரஸ்கூட இதைச் செய்கிறது! என் ஆய்வேடே இதை நம்பித்தான். பத்தாம் தேதி கட்டுரை அனுப்ப வேண்டும்.

மார்ச் 5

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணா சர்வீஸுக்கு வந்தார். இன்னிக்கா வரணும் என்று எரிச்சல். புற ஊதா விளக்குக்குக் கீழே மீட்டரைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல சக்தியே இல்லம்மா."

"நீலமா எரியுதே அண்ணா!"

"எரியும். கொல்லாது. ட்யூபோட ஆயுசு எப்பவோ முடிஞ்சாச்சு."

அப்போ நான் இத்தனை நாளா கொன்னது எதை?

மார்ச் 8

'கொன்ற' வைரஸைப் புதுச் செல்கள்மேல் விட்டு மூன்று நாள். செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடக்கின்றன. வைரஸ் ஜம்மென்று உயிரோடுதான் இருந்திருக்கு.

போச்சு. எல்லாம் போச்சு. பேசாம அனுப்பிடலாமா? யாருக்குத் தெரியப் போகுது — சீ, என்ன புத்தி இது.

மார்ச் 10

வழிகாட்டி மேடத்திடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "அச்சுல வந்தப்புறம் தெரிஞ்சிருந்தா உன்னோட சேர்ந்து என் மானமும் கப்பலேறியிருக்கும். நல்லவேளை சொன்னே. போய்ச் சாப்பிடு. நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பி."

கழிப்பறைக்குள் போய் அழுதேன். நிம்மதியில்.

மார்ச் 19

புது ட்யூப் மாட்டியாச்சு.

ஏப்ரல் 24

மூன்று முறை செய்து பார்த்தாயிற்று. நிஜமாகவே செத்த வைரஸ் பட்ட செல்கள் சும்மா இருக்கின்றன. உயிருள்ளது புகுந்து பெருகினால்தான் ஒட்டுமூலக்கூறு எகிறுகிறது, வெள்ளணுக்கள் ஈயாக மொய்க்கின்றன. பெருகுவதை ஆரம்பத்திலேயே தடுத்தால் வீக்கமும் அடங்குமோ? அக்காவிடம் சொன்னேன். "மருந்து எப்போ வரும்?" என்றாள். தெரியாது என்றேன். பொய் சொல்லாமல் பேச முடிந்ததே பெரிய சந்தோஷம்.

மே 30

ஆய்வேட்டுக்கு நன்றிப் பக்கம் எழுதினேன். அந்த மெக்கானிக்கை நாலு வருஷமா அண்ணா, அண்ணான்னுதான் கூப்பிட்டிருக்கேன், பேர் கேட்டதேயில்லை. வெட்கத்தோடு போய்க் கேட்டேன். "என் பேரு எதுக்கும்மா?" என்றவர், சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் இனிஷியலோடு நிதானமாக எழுதித் தந்தார். முதல் வரியில் போட்டேன், மேடத்துக்கும் முன்னால்.

மேடம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் திருத்தவில்லை.