அங்கே ஐந்து மணி, இங்கே நாலரை

28.9.2024, சனி
காலாண்டு லீவுக்கு மகள் ஜெபா ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். படாளத்து ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்து நாலு மாதம் ஆகிறது. இளைத்திருக்கிறாள். வந்ததிலிருந்து கையில் ஒரே இங்கிலீஷ் கதைப் புத்தகம். உலகம் நாசமாய்ப் போன பிறகு நடக்கிற கதையாம். மூணு வேளை சோறு, தலைக்கு மேல் ஃபேன் — இவளுக்கு எதற்கு இந்த எழவு?

30.9
அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் புரட்டினேன். மதில் கட்டிய ஊர். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஐந்து மணிக்குச் சங்கு ஊதி எழுப்புகிறார்கள். ஓரத்தில் ஜெபாவின் பென்சில்: "எங்களுக்கு நாலரை." சிரித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில், அழுகிற பிள்ளையைத் தனி அறையில் அடைக்கிறார்கள். ஓரத்தில்: "ஸ்டடி ஹால் பின்னாடி ரூம். ரெண்டு தடவை."

சிரிப்பு போய்விட்டது.

"இன்னாங்க, பொண்ணு புக்க நோண்டிகினு கீறீங்க?" என்றாள் வசந்தா. மனைவியிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

1.10
கம்பெனியில் வேலையே ஓடவில்லை.

3.10
கேட்டேவிட்டேன். ஏம்மா இந்த மாதிரிக் கதை?

"அதுல அந்த ஊரு மோசம்னு கடைசில எல்லாருமே ஒத்துக்கிறாங்கப்பா. இங்க நல்ல ஸ்கூல், நல்ல ஸ்கூல்னு சொல்லிகினே இருக்கீங்க. எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்."

கொஞ்சம் கழித்து, "அதுல என் வயசுப் பொண்ணுதான் கதவ ஒடைக்கிறா" என்றாள். "என்ன இங்கயே ஒரு ஸ்கூல்ல சேத்துடுப்பா."

பார்க்கலாம் என்றேன். அப்பா பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

5.10
எங்கப்பா படாளத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். அதே ஊரில் அவர் பேத்தி டாக்டருக்குத் தயாராகிறாள் என்று சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு கூட்டியாறது? ஆனா அந்த ரூம்... ரெண்டு தடவ... நான்லாம் இன்னா அப்பன்?

6.10, ஞாயிறு
கொண்டுபோய் விட்டுவிட்டேன். கேட்டில் பையைச் சோதித்த வார்டன், பாடப்புத்தகம் தவிர எதுவும் கூடாது என்று அந்தக் கதையை என் கையில் கொடுத்தார். ஜெபா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

10.11
வார்டன் போன் பண்ணினார். "உங்க பொண்ணுதான் சார் ஃபர்ஸ்ட் ரேங்க். இப்ப நல்லா அடங்கிட்டா." வசந்தா கேசரி கிண்டினாள். என் பங்கை அவள் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

24.11, ஞாயிறு
வாரம் ஒருமுறை வார்டன் போனில் ஐந்து நிமிஷம் பேச விடுகிறார்கள்.

"சாப்டியாம்மா?"

"எஸ் சார்."

வாய் தவறிவிட்டது, இதோ சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.