கேவன் சாலையின் மஞ்சள் கோடு

க்ளோனிஸ், அயர்லாந்து,
மார்ச் 9, ஞாயிறு.

அன்பு மகன் மாலகிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் குழந்தை ஓர்லாவும் நலம். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான் என்பதால் நலம் சொல்லும் வேலை இத்துடன் முடிந்தது.

போனில் நீ போட்ட கூச்சலுக்குப் பிறகுதான் கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பெர்த்தில் சுரங்க வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு தொண்டை எங்கிருந்து வந்ததோ.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் பதினெட்டாம் தேதி உன் மனைவி மாரிவிக்குக் கேவன் நகரில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. உன் ஆஸ்திரேலியாக்காரர்கள் விசா கொடுக்க அவள் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தைக் கேட்டிருந்தார்கள். மே மாதம் குழந்தையோடு உன்னிடம் வந்துவிடுவதாகத் திட்டம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று வந்து நின்றபோது நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வழக்கமாக என் சிநேகிதி ஜோசி தன் காரில் கூட்ஹில் ஊர் வழியாகச் சுற்றிக் கூட்டிப் போவாள். அன்று ஜோசிக்கு இடுப்பு வலி. பேருந்தில் போகட்டுமா என்று உன் மனைவி என்னைக் கேட்டாள். போயேன் என்றேன். "அம்மா, எனக்கு அங்க போக விசா இல்ல, அந்த ரோடு பிரிட்டன் பக்கம் போகாதுல்ல?" என்று கேட்டாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் பெற்றது உன் ஒருவனைத்தான். "அங்க கம்பியும் இல்ல, கதவும் இல்ல. கண்ணத் தொறந்து பாத்துட்டே போ, எல்லாம் ஒரே புல்லுதான்" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் என்று நீ காட்டு, பார்க்கலாம்.

பேருந்து போகும் அந்தச் சாலை கேவன் போய்ச் சேருவதற்குள் நாலு முறை எல்லையைத் தாண்டி, பிரிட்டனின் வட அயர்லாந்துக்குள் போய் வரும். தெரியும். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகப்போன சமயத்தில் ஊரே பாலத்தில் போய் நின்றதே, நீயும் அட்டை பிடித்தாயே. சாவடி வேண்டாம், தடுப்பு வேண்டாம், எங்கள் கன்றுக்குட்டியை நிறுத்தாதே என்று கத்தினோம். கிடைத்தது. பால் லாரி தினம் போய் வருகிறது, ஒருவனும் கை காட்டி நிறுத்துவதில்லை. பிரிட்டன் அதிகாரிகள் எல்லையை இப்போது ஒரு வேனில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். வேண்டும்போது சாலையோரம் இறக்கி வைப்பார்கள், வேலை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று இரண்டாவது வளைவில் இறக்கி வைத்திருந்தார்கள். பேருந்து ஓட்டிய பேக்கி வந்து சொன்னான். "ரெண்டு பேர் ஏறினாங்க. முன் சீட்டுல நம்மூர் ஆளுங்க மூணு பேர், ஒருத்தன்கிட்டயும் ஒரு காகிதம் கிடையாது. அவங்கள ஏறெடுத்தும் பாக்கல. நேரா அவகிட்ட போய் நின்னானுங்க. அவ என்னயப் பாத்து, அண்ணே, இது எந்த நாடுன்னு கேட்டா. எனக்கே சட்டுனு சொல்ல வரல டிம்ப்னாக்கா" என்றான். இறக்கும்போது அவள் அழவில்லையாம், வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் என்று மட்டும் சொன்னாளாம்.

அந்த வேன் எப்படி அதே நாளில், அதே நேரத்தில் வந்தது என்று கேட்டாய். யாரோ போன் செய்து சொன்னதாக ஜோசி கடையில் பேசிக்கொண்டிருந்தாளாம். பெண் குரலாம். இந்த ஊரில் பாதிப் பேர் பெண்கள். ஜோசி என்னிடமே வந்து, "அறுபது வருஷமா அந்த ரோட்டுல போற, உனக்குத் தெரியாதாடி?" என்று கேட்டாள். "உனக்குந்தான் தெரியும். இடுப்பப் புடிச்சிக்கிட்டாவது காரை எடுத்திருக்கலாமே" என்றேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இரவில் தூங்குவதில்லையாம். அது அவள் பாடு.

நீ அந்தப் பழைய விளையாட்டைச் சொல்லிக் காட்டினாய். பின் சீட்டில் நீ கண்ணை மூடிக்கொள்வாய், டயர் சத்தம் மாறினால் எந்த நாடு என்று சொல்ல வேண்டும். ஓரக்கோடு மஞ்சளா, வெள்ளையா என்று நான் பார்த்துச் சொல்வேன். மஞ்சள் என்றால் நம் பக்கம். நான் ஒருமுறையும் தப்பாகச் சொன்னதில்லைதான். ஏனென்றால் என் அம்மா சுங்கக்காரனுக்குத் தெரியாமல் பாவாடைக்குள் வெண்ணெயைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் என்னை நடத்திக் கூட்டி வருவாள். அதற்கென்ன இப்போது? வயதானவளுக்கு மறதி வராதா?

மறதி என்றதும் நினைவு வருகிறது. அயர்லாந்தில் தங்க அவளுக்குள்ள அனுமதி அட்டையைப் புதுப்பித்து அனுப்பிய உறை, அவள் போவதற்கு ஒரு வாரம் முன்பே வந்திருக்கிறது. இயேசு படத்துக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறேன். நேற்று தூசி தட்டும்போது கிடைத்தது. அவள் கையில் இருந்தது பழைய அட்டை, கெடு முடிந்தது. அதனால்தான் நம் பக்கத்து அதிகாரிகளும் அவளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை என்று வக்கீல் சொன்னார். இனி அனுப்பி என்ன பயன்? வியாழக்கிழமை மணிலா விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஓர்லா முதல் மூன்று நாள் புட்டியைத் தொடவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது குடிக்கிறாள். பசி வந்தால் யாரும் குடிப்பார்கள். அடைத்து வைத்திருந்த இடத்தில் உன் மனைவிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததாம். தினமும் போன் செய்து, குழந்தையின் காதில் வையுங்கள், ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்பாள். குழந்தை தூங்குகிறது என்பேன். அவள் குரலைக் கேட்டால் மறுபடி மூன்று நாள் அழும், யார் பார்ப்பது?

நேற்றும் பேசினாள், அவள் அம்மா வீட்டிலிருந்து. "தப்பு என் மேலதான்மா. நான்தான் விசாரிக்காம பஸ்ல ஏறிட்டேன். மாலகி உங்களத் திட்டப் போறாரு, நான் சொன்னேன்னு நீங்களே எழுதிடுங்க" என்று அழுதாள். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனி நீ என்னைத் திட்ட ஒன்றுமில்லை.

குழந்தையை அனுப்பு என்று நீ சொன்னதற்கு என் பதிலையும் எழுதிவிடுகிறேன். பதினான்கு மாதக் குழந்தையை யாரோடு அனுப்புவது? ஓர்லாவின் பாஸ்போர்ட் தொலைந்துவிடக் கூடாதென்று என் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் அப்பாவைப் புதைத்த பிறகு இந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்ட தட்டுகளை நீ எண்ணிப் பார்த்தாயா? உனக்கு மகள் வேண்டுமானால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. வந்து இரு.

ஓர்லா செவ்வாய்க்கிழமை நடக்கத் தொடங்கினாள். என்னிடம் வரவில்லை. நேராக வாசலுக்குத்தான் போனாள், அந்தப் பேருந்து நிற்கும் பக்கமாக. விழுந்துவிடக் கூடாதே என்று வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறாள்.

கடவுள் உன்னைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். எந்த வழியாக வந்தாலும் சரி, மகனே. உன்னை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

உனக்காகவே இருக்கும்,
அம்மா